உத்தரிக்கிற ஸ்தலம்: வேதமா, வழக்கமா?

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் கொள்கைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர்கள் எடுத்த எடுப்பில் கேட்கும் வினா ஒன்றுண்டு. ‘இது உங்கள் வேதத்தில் எங்கே இருக்கிறது?’ என்பதே அது. கேட்பவருக்கு அது வெட்டொன்று துண்டிரண்டான வினாவாகத் தோன்றும். இருந்தால் வசனத்தைக் காட்டு, இல்லையேல் கொள்கையைக் கைவிடு என்பது அதன் உட்பொருள். ஆனால் இவ்வினா நாம் கண்டுபிடித்ததன்று. ஐரோப்பாவில் கி.பி. பதினாறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களே ஒருவரையொருவர் நோக்கி இதனைக் கேட்டார்கள். அதற்காக நாடுகள் பிளந்தன, குருதியும் சிந்திற்று. அந்த வரலாற்றை அறியாமல் வினாவை மட்டும் கடன் வாங்கிப் பேசுவது, பெயர் தெரியாத வாளை உறையிலிருந்து உருவுவதற்கு ஒப்பாகும். கையைத்தான் முதலில் அறுக்கும்.

மத்ரஸாவில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளும் இதைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, ‘வேதத்தில் எங்கே?’ என்ற ஒரு வினாவுக்குள் மூன்று வினாக்கள் ஒளிந்திருக்கின்றன என்பதே. வேதம் என்பது எந்தெந்த நூல்கள்? அந்நூல்களின் சொற்கள் எந்த மொழியில் எவ்வாறு நிற்கின்றன? அச்சொற்களுக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு? கத்தோலிக்கக் கொள்கைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நோக்கினாலும் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டுவிடும். அதற்கு ஏற்றது, தமிழ்க் கத்தோலிக்கர் தொன்றுதொட்டு ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்று வழங்கும் கொள்கையாகும்.

அக்கொள்கை இதுதான். இறைவனின் அருளில் மரித்தவர்கள், எனினும் முற்றிலும் தூய்மையுறாதவர்கள், சுவர்க்கம் புகுமுன் தூய்மைப்படுத்தப்படுகிறார்கள். அவர்கள் நரகவாசிகள் அல்லர். அவர்களுடைய மீட்பு உறுதியானதே. உலகில் உயிரோடிருப்பவர்களின் பிரார்த்தனையும் தருமமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருப்பலிப் பூசையும் அவர்களுக்குத் துணைசெய்யும். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைக் கழுவி, மெழுகுதிரி ஏற்றி நிற்பதைக் காண்கிறோமல்லவா? அதன் அடியில் கிடப்பது இந்நம்பிக்கையே. நம்முடைய ‘பர்ஸக்’ இதுவன்று. பர்ஸக் என்பது மரணத்துக்கும் மறுமைக்கும் இடையேயுள்ள நிலை. அது அனைவருக்கும் உரியது. இதுவோ ஒரு சாராருக்கு மட்டும் உரிய தூய்மைப்பாடு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் இரு சமயத்தாருக்கும் அநீதி செய்கிறார்கள்.

இதற்கு வேத ஆதாரம் எது எனக் கேட்டால், கத்தோலிக்க அறிஞர் முதலில் காட்டுவது மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை. கதை சுவையானது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில், யூதர்களை அடக்கியாண்ட கிரேக்க அரசுக்கு எதிராக யூதா மக்கபே என்னும் தளபதி போர் தொடுக்கிறார். ஒரு போருக்குப் பின், மாண்ட தம் வீரர்களை அடக்கம் செய்ய உடல்களை எடுக்கும்போது, அவர்களின் உள்ளாடைக்குள் யம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்துகள் இருக்கக் காண்கிறார்கள். ஏகத்துவத்துக்காகப் போரிட்டவர்களின் நெஞ்சில் விக்கிரகத் தாயத்து! அவர்கள் மாண்டதற்குக் காரணம் இதுவே என எல்லாரும் உணர்கிறார்கள். யூதா அவர்களைச் சபிக்கவில்லை. வீரர்களிடம் பணம் திரட்டி, அந்தப் பாவத்துக்குப் பரிகாரப் பலி செலுத்துமாறு ஜெருசலேமுக்கு அனுப்புகிறார். மரித்தோர் எழுப்பப்படுவர் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்ததனாலேயே இவ்வாறு செய்தார் என்று நூலாசிரியர் விளக்கமும் தருகிறார். திரட்டிய தொகை கிரேக்க மூலத்தில் சுமார் 2,000 வெள்ளித் திராக்மா. லத்தீன் மொழிபெயர்ப்பிலோ 12,000. படியெடுப்போர் கையில் காசு பெருகுவதும் உலகியல்புதான் போலும்!

மரித்தவருக்காக உயிரோடிருப்பவர் பிரார்த்திக்கலாம், பலியும் செலுத்தலாம் என்பது இக்கதையால் தெளிவாகிறது. தூய்மைப்படுத்தும் நெருப்போ, ஆண்டுக் கணக்கோ, ஓர் இடமோ இதில் கூறப்படவில்லை. இதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனி முதல் வினா. இந்நூல் வேதமா? மக்கபேயர் இரண்டாம் நூல் எபிரேயத்தில் எழுதப்பட்டதன்று; கிரேக்கத்திலேயே பிறந்தது. சிரேனே ஊர் யாசோன் என்பவர் ஐந்து பாகங்களில் எழுதிய வரலாற்றைச் சுருக்கித் தந்ததே இது என்று ஆசிரியரே முன்னுரையில் கூறுகிறார். முடிவுரையில், நன்றாக அமைந்திருந்தால் மகிழ்ச்சி, குறைவாக அமைந்திருந்தால் என்னால் இயன்றது இவ்வளவே என்ற கருத்துப்படவும் எழுதிவைத்தார். பிற்காலத்துப் புராட்டஸ்தாந்தர்கள், வஹீ பெற்றவர் இவ்வாறு மன்னிப்புக் கேட்பாரா என்று இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

யூத ரப்பிகள் இறுதியாக ஏற்ற தொகுப்பில் இந்நூல் இடம்பெறவில்லை. ஆனால் கிரேக்கம் பேசிய யூதர்களும், அவர்கள் வழியே தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களும் பயின்ற கிரேக்கத் தொகுப்போடு அது உலவி வந்தது. இதனால் நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே இரு பெரும் அறிஞர்கள் இருவேறு திசையில் நின்றனர். 382ஆம் ஆண்டில் போப் தமாசு கேட்டுக்கொண்டதன்பேரில் லத்தீன் வேதத்தைத் திருத்தும் பணியைத் தொடங்கிய ஜெரோம், எபிரேயம் பயின்றவர். எபிரேயத் தொகுப்பில் உள்ளவையே வேதத் தொகுதி, மற்றவை அதற்குப் புறம்பானவை என அவர் தம் முன்னுரையில் எழுதினார்; மக்கபேயர் இரண்டாம் நூலின் நடையே அது கிரேக்கத்தில் எழுந்தது என்பதைக் காட்டும் என்றும் குறித்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனோ, திருச்சபைகள் ஓதிவருபவை எல்லாம் வேதமே என்றார். 393இல் ஹிப்போ நகரிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர் சங்கங்கள் அகுஸ்தீன் பக்கமே நின்றன. ஆயினும் ஜெரோமின் முன்னுரை லத்தீன் வேதப் பிரதிகளின் முகப்பிலேயே ஓராயிரம் ஆண்டு அமர்ந்திருந்தது. படித்தவர் எவரும் அதைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். கத்தோலிக்கர் நாவிலேயே இருந்த இந்த முள்தான் பின்னர் லூத்தரின் கையில் அம்பாயிற்று.

லூத்தர் சர்ச்சையைத் தொடங்கியது எதனால் என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் அதன் வேர் சிலுவைப் போரில் இருப்பதை நம்மவர் பலர் அறியார். பாவத்துக்காகக் குருவானவர் விதிக்கும் தவத்தண்டனையைத் தளர்த்தும் ‘பலன்’ என்னும் வழக்கம் பதினோராம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1095இல் கிளெர்மோன் நகரில் கூடிய சங்கத்தில் போப் இரண்டாம் அர்பன், பக்தியோடு ஜெருசலேமை விடுவிக்கச் செல்பவனுக்கு அப்பயணமே தவத்தண்டனை முழுவதற்கும் ஈடாகும் என அறிவித்தார். பைத்துல் முகத்தஸின் வீதிகளில் 1099இல் நம் முன்னோரை வெட்டி வீழ்த்தியவர்கள் இந்த நம்பிக்கையோடு வந்தவர்களே. பின்னர் போருக்குச் செல்ல இயலாதவர் பொருள் கொடுக்கலாம் என்றாயிற்று. 1476இல் போப் நான்காம் சிக்ஸ்துஸ், பிரான்சில் ஒரு கோயிலின் பணிக்காக, உயிரோடிருப்போர் கொடுக்கும் பொருளால் உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆன்மாக்களுக்கும் அப்பலன் கிட்டும் என்று சாசனம் பிறப்பித்தார். போர்வீரனுக்குரிய சலுகை, முந்நூற்று எண்பது ஆண்டுகளில் மரித்தவன் பெயரால் வாங்கும் சீட்டாக மாறிவிட்டது.

உரோமையில் புனித பேதுருவின் பெருங்கோயிலைக் கட்டுவதற்காகவும், மைன்ஸ் நகரப் பேராயர் தம் பதவிக்காகப் பட்ட கடனை அடைப்பதற்காகவும் ஜெர்மன் நாட்டில் தெட்செல் என்னும் துறவி இச்சீட்டுகளைப் பரப்பியபோதுதான், விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் லூத்தர் 1517 அக்டோபர் 31இல் தம் 95 கருத்துகளை வெளியிட்டார். அப்போது அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. அதன் பெயரால் நடந்த வாணிபத்தையே சாடினார்.

1519ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் லைப்சிக் நகரில் லூத்தருக்கும் யோஹான் எக் என்னும் கத்தோலிக்க அறிஞருக்கும் முனாழரா நிகழ்ந்தது. எக் மக்கபேயர் இரண்டாம் நூலை எடுத்துக்காட்டினார். லூத்தரின் மறுமொழி நுட்பமானது. ‘உத்தரிக்கிற ஸ்தலம் உண்டென்றே நானும் நம்புகிறேன், ஆனால் அந்நூல் வேதத் தொகுதியில் இல்லாதது, ஆகவே அதைக் கொண்டு மறுப்பவரை ஒப்பச் செய்ய முடியாது’ என்பது அவர் கூறியதன் கருத்து. நம்முடைய உஸூல் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு செய்தி உண்மையாயிருப்பது வேறு, அது ஹுஜ்ஜத்தாக நிற்பது வேறு. ஆனால் ஊன்றுகோலை எடுத்துவிட்டால் கூரை எத்தனை நாள் நிற்கும்? 1530இல் லூத்தர் உத்தரிக்கிற ஸ்தலத்தையே மறுத்துத் தனிநூல் எழுதினார். 1534இல் அவருடைய ஜெர்மன் வேதம் முழுமையாக அச்சேறியபோது, மக்கபேயர் உள்ளிட்ட நூல்களைப் பழைய ஏற்பாட்டுக்குப் பின்னே தனியே பிரித்து வைத்து, இவை வேதத்துக்குச் சமமானவை அல்ல, எனினும் வாசிக்கப் பயனுள்ளவை என்று தலைப்பில் குறித்தார்.

இரண்டாவது வினா, சொல்லைப் பற்றியது. அரபு மொழி கற்றவன் என்ற முறையில் எனக்கு இப்பகுதியே மிகவும் உவப்பானது. மத்தேயு நான்காம் அதிகாரத்தில் ஈஸா (அலை) அவர்கள் மக்களை நோக்கி விடுக்கும் முதல் அழைப்பு, கிரேக்கத்தில் ‘மெட்டனோயா’ என்னும் சொல்லின் வினைவடிவால் சொல்லப்பட்டிருக்கிறது. மனம் மாறுதல் என்பதே அதன் பொருள். எபிரேயத்தில் இதற்கு ஈடான சொல் ‘திரும்புதல்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது; நம்முடைய ‘தவ்பா’வும் அதே குடும்பத்துச் சொல்தான். ஆனால் லத்தீன் வேதத்தில் அது, தவம் செய்யுங்கள் என்று பொருள் கொள்ளத்தக்க தொடரால் பெயர்க்கப்பட்டிருந்தது. பழைய லத்தீனில் அத்தொடருக்கு வருந்துதல் என்னும் பொருளும் உண்டு. மொழிபெயர்த்தவர்மீது பழிசுமத்துதல் முறையன்று. எனினும் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, பாவசங்கீர்த்தனம் செய்து குருவானவர் விதிக்கும் தண்டனையை நிறைவேற்றுதல் என்னும் திருச்சபைச் சடங்கையே அது குறிக்கலாயிற்று. சுருங்கச் சொன்னால், ‘தவ்பா’ என்று நிற்க வேண்டிய இடத்தில் ‘கஃப்பாரா’ வந்து அமர்ந்துகொண்டது.

இதை முதலில் கண்டவர் லூத்தர் அல்லர். இத்தாலிய அறிஞர் லொரென்ஸோ வாலா (1407–1457) கிரேக்கப் பிரதிகளோடு லத்தீன் வேதத்தை ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு நாடுகளை எழுதிக்கொடுத்ததாகக் காட்டப்பட்ட சாசனம் போலி என்பதை, அதன் லத்தீன் நடையைக் கொண்டே 1440இல் நிறுவியவரும் இவரே. இவர் எழுதிய வேதக் குறிப்புகளைக் கண்டெடுத்து 1505இல் அச்சிட்டவர் எராஸ்மஸ். 1516இல் பாஸல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது அவரும் இச்சொல்லைத் திருத்தினார். இருவருமே கத்தோலிக்கராகவே வாழ்ந்து மரித்தவர்கள். லூத்தரின் 95 கருத்துகளுள் முதலிரண்டும் இந்த வசனத்தைப் பற்றியவையே: அங்கே கூறப்பட்டது குருவானவர் நடத்தும் சடங்கன்று, வாழ்நாள் முழுவதும் நீளும் மனமாற்றம் என்பது அவர் வாதம். ஐரோப்பாவை இரண்டாக்கிய கிளர்ச்சியின் முதல் வரி ஒரு சொல்லின் பொருள் பற்றிய விளக்கமாக இருந்ததென்றால், நஹ்வும் லுகத்தும் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமோ?

இத்தகைய மற்றொரு சொல்லையும் போகிற போக்கில் காட்டிவிடுகிறேன். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில், பெண்ணின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் என்று வருமிடத்தில் எபிரேயப் பிரதிப்பெயர் ஆண்பால். லத்தீன் பிரதிகளிலோ அது பெண்பாலாகிவிட்டது. அதனால் நசுக்குபவர் மர்யம் அம்மையார் எனப் பொருள் கொள்ளப்பட்டது. பாம்பின் தலைமீது அம்மையார் கால்வைத்து நிற்கும் உருவங்களை இன்றும் எத்தனையோ மாதா கோயில்களில் காண்கிறோம். 1979இல் உரோமையே வெளியிட்ட புதிய லத்தீன் பதிப்பில் அச்சொல் வித்தையே குறிக்குமாறு திருத்தப்பட்டது. ஆனால் உருவங்கள் நிற்கின்றன.

மூன்றாவது வினாவுக்கு வருவோம். இங்கேதான் கத்தோலிக்கத் தரப்பின் உண்மையான வலிமை இருக்கிறது. நம்மவர் அதை அறியாமலேயே வாதிடுகிறார்கள்.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்துல்லியன், மரித்தோருக்காக ஆண்டுதோறும் காணிக்கை செலுத்தும் வழக்கத்தைப் பிற வழக்கங்களோடு சேர்த்துக் கூறிவிட்டு, இவற்றுக்கு வேதக் கட்டளை கேட்டால் கிடைக்காது, வழிவழி வந்த மரபே இவற்றை ஈந்தது என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் அவ்வாறே கூறினார்: மக்கபேயர் நூலில் இது இருக்கிறது, ஆனால் பழைய வேதங்களில் எங்குமே இல்லாதிருப்பினும், திருச்சபை முழுவதும் கைக்கொள்ளும் வழக்கம் சிறிய ஆதாரமன்று என்பது அவர் கருத்து. ஆக, வேதத்தில் தேடி ஏமாந்து பின்னர் மரபைத் துணைக்கழைத்தார்கள் என்று கத்தோலிக்கரைக் குறைகூறுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. தொடக்கத்திலிருந்தே அவர்கள் மரபை ஓர் ஆதாரமாகவே கொண்டிருந்தார்கள்.

இதனை நம் ஹதீஸ்களோடு ஒப்பிடுவோர் உண்டு. அவ்வொப்புமை பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. ஹதீஸ் என்பது இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் ஸனதோடு வருவது. ராவிகளின் பெயரும் நேர்மையும் ஆராயப்படுவது. கத்தோலிக்க மரபுக்கு அத்தகைய அறிவிப்பாளர் தொடர் கிடையாது. அகுஸ்தீன் கூறியதற்கு நம்மிடையே நெருங்கிய ஒப்புமை தேடினால், ஹிஜ்ரி 179இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மதீனாவாசிகளின் நடைமுறையை ஆதாரமாகக் கொண்டதைச் சொல்லலாம். ஓர் ஊரார் தலைமுறை தலைமுறையாக ஒருங்கே செய்துவருவது தனியொருவர் அறிவிப்பைவிட வலிமையுடையது என்பது அவ்வாதம். பிற இமாம்கள் அதை ஏற்கவில்லை. நகரம் ஆதாரமாகுமா என்று கேட்டார்கள். இருந்தும் அங்கேயும் எல்லை உண்டு. நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த ஊரின் நினைவு என்பதே அதன் மதிப்பு. கத்தோலிக்கரோ பரிசுத்த ஆவி திருச்சபையை எக்காலமும் வழிநடத்துகிறது என நம்புவதால், அவர்களுடைய மரபு வளரவும் செய்கிறது. முக்கியமான வேறுபாடு அதுதான்.

வளர்ந்ததைச் சரித்திரத்தில் கண்ணாரக் காணலாம். மரித்தோருக்கான பிரார்த்தனை மிகத் தொன்மையானது. கிழக்குத் திருச்சபைகளும் அதைக் கைக்கொள்கின்றன. தூய்மைப்படுத்தும் நெருப்பு என்னும் கருத்து, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், ஒருவன் கட்டிய வேலை நெருப்பால் சோதிக்கப்படும் என்னும் உவமையிலிருந்து மெல்ல விரிந்தது. மறுமையிலும் மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிய மத்தேயு பன்னிரண்டாம் அதிகார வசனத்திலிருந்து, அப்படியானால் அங்கே மன்னிக்கப்படும் பாவமும் இருக்கவேண்டும் எனப் பொருளெடுத்தார்கள். நம் உஸூலில் மஃப்ஹூமுல் முகாலஃபா என்பது இதுவே. ஹனஃபிகள் இவ்வகை வாதத்தை ஏற்பதில்லை என்பதும் தெரிந்ததே. ஆனால் இவற்றிலிருந்து ஓர் ‘இடம்’ எப்போது உருவாயிற்று? பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட நூலில், அவ்விடத்தைக் குறிக்கும் லத்தீன் பெயர்ச்சொல்லே 1170க்கும் 1180க்கும் இடையில்தான் தோன்றியதென்று வாதிட்டார். அதற்கு முன்பே கருத்து இருந்ததென்று அவரை மறுத்தவர்களும் உண்டு. சொல் பிற்பட்டது என்பது மட்டும் அசைக்க முடியாதது.

1438–39இல் பெராராவிலும் புளோரன்சிலும் கூடிய சங்கத்தில் கிரேக்கத் திருச்சபையார் எழுப்பிய ஐயமும் இதுவே. மரித்தோருக்காக நாங்களும் பிரார்த்திக்கிறோம். ஆனால் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று எபேசு நகர் மாற்கு கேட்டார். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. பவுலின் நிருபத்தை மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இறுதியில் உருவான உடன்படிக்கையில் தூய்மைப்படுத்தும் தண்டனைகள் என்றுதான் எழுதினார்கள். நெருப்பு என்னும் சொல் இடம்பெறவில்லை. மாற்கு அதிலும் கையொப்பமிட மறுத்துவிட்டார்.

லூத்தரின் கிளர்ச்சிக்கு உரோமையின் மறுமொழி திரெந்து சங்கத்தில் (1545–1563) வந்தது. 1546 ஏப்ரல் 8ஆம் நாள் நிறைவேற்றிய சாசனங்களில், மக்கபேயர் உள்ளிட்ட நூல்களனைத்தும் வேதம் என்றும், எழுதப்பட்ட வேதத்தையும் எழுதாமல் வழிவந்த மரபுகளையும் ஒத்த பக்தியோடு ஏற்கவேண்டுமென்றும், லத்தீன் வேதமே பொதுப் பயன்பாட்டுக்கு அதிகாரப்பூர்வமானது என்றும் அறிவித்தார்கள். நம் மூன்று வினாக்களுக்கும் ஒரே நாளில் விடை! முதல் வரைவில், இறைவனின் வெளிப்பாடு ஒரு பகுதி வேதத்திலும் மறு பகுதி மரபிலும் இருப்பதாக எழுதியிருந்தார்கள். விவாதத்துக்குப்பின் ‘ஒரு பகுதி, மறு பகுதி’ என்பதை நீக்கி, ‘வேதத்திலும் மரபிலும்’ என்று மட்டும் வைத்தார்கள். அந்த ஓர் ‘உம்’மையின் பொருள் என்ன என்று கத்தோலிக்க அறிஞர்களே இருபதாம் நூற்றாண்டில் நெடிது வாதிட்டார்கள். வேதத்தில் இல்லாத கொள்கை மரபில் மட்டும் இருக்கலாமா, அல்லது மரபு என்பது வேதத்தின் விளக்கம் மாத்திரமா? 1965 நவம்பர் 18இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சாசனமும், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பெருகுபவை என்று கூறி அவ்வினாவை முடிக்காமலே விட்டது.

உத்தரிக்கிற ஸ்தலம் பற்றித் திரெந்து சங்கம் 1563 டிசம்பரில், தன் இறுதி அமர்வில், மிகச் சுருக்கமாகவே பேசியது. அது உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்குத் திருப்பலியும் பிரார்த்தனையும் துணைசெய்யும். அவ்வளவுதான். நெருப்பையோ நாட்கணக்கையோ கூறவில்லை. நுண்ணிய வினாக்களைப் பாமரரிடம் பேசவேண்டாம், இழிந்த ஆதாயத்தின் வாடை வீசுபவற்றைத் தடைசெய்க என்று ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. லூத்தரைச் சபித்துக்கொண்டே அவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் கூறினால் கத்தோலிக்க நண்பர்கள் கோபிக்கக்கூடாது.

அப்படியானால் வேதம் மட்டுமே போதும் என்றவர்கள் வென்றுவிட்டார்களா? அவர்கள் நிலையும் எளிதாயில்லை. எந்த நூல்கள் வேதம் என்னும் பட்டியல் எந்த வேத நூலிலும் கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடியே எண்ணிக் குறித்த முதல் ஆவணமாக நமக்குக் கிடைப்பது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய திருமுகம். அது மரபன்றி வேறென்ன? லூத்தரே யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என இகழ்ந்து 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னே தள்ளினார். விசுவாசத்தினால் ‘மாத்திரம்’ என்று உரோமையர் நிருபத்தில் மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்தார். விசுவாசம், மாத்திரம் என்னும் இரு சொற்களும் வேதத்தில் அடுத்தடுத்து வருவது யாக்கோபின் நிருபத்தில் ஒரே இடத்தில்தான். அதுவும் அக்கருத்தை மறுப்பதற்காக! ஸூரிச் நகரில் 1525இல் ஒரு சாரார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவது வேதத்தில் எங்கே என்று சீர்திருத்தவாதிகளை நோக்கி அதே வினாவைத் திருப்பினார்கள். அவர்களுள் பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் அந்நகரின் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். வேதம் மட்டும் என்றவர்களே விதித்த தண்டனை அது.

மற்றக் கொள்கைகளை விரிக்க இடமில்லை. குருமார் மணம்புரியாமை கொள்கையன்று, ஒழுங்குமுறை மட்டுமே எனக் கத்தோலிக்கரே கூறுவர்; பேதுருவுக்கு மாமியார் இருந்ததை மாற்கின் சுவிசேஷமே கூறுகிறதல்லவா? மர்யம் அம்மையார் பிறவிப்பாவமின்றிக் கருவானார் என 1854இலும், உடலோடு விண்ணேற்றப்பட்டார் என 1950இலும் போப்புகள் விசுவாசக் கொள்கையாக அறிவித்தவற்றுக்கு நேர்முக வசனம் இல்லை என்பதைக் கத்தோலிக்க அறிஞர்கள் மறைப்பதில்லை. மரபின் முதிர்ச்சி என்றே விளக்குவர்.

அந்த 1854ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் பாதிரியார் பாண்டருடன் முனாழரா நடத்தினார்கள். கிறிஸ்தவ அறிஞர்களின் உரைகளையே தேடிப் படித்து, அவற்றிலிருந்தே வினா எழுப்பியது அவர்களுடைய சிறப்பு. எதிர்த்தரப்பாரின் கிதாபை அவர்களைவிடக் கூர்ந்து ஓதியவரின் வாதம் அது. இன்று நம் இளைஞர்களில் சிலர் துண்டுப் பிரசுரத்தின் நான்கு வரிகளை மனனம் செய்துகொண்டு அண்டைவீட்டாரை மடக்கப் புறப்படுகிறார்கள். மரித்தோருக்கு ஓதலாமா, நாற்பதாம் நாள் உண்டா என்று நம் வீடுகளிலேயே தந்தையும் மகனும் முகம் திருப்பிக்கொண்டிருக்கும் காலம் இது. அங்கேயும் எழும் வினா, ஆதாரம் எங்கே என்பதுதான்.

இனி, இவ்வழக்கு நம் தமிழ் மண்ணுக்கும் வந்ததைச் சொல்லவேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரின் வழிவந்தவர். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. அதே காலத்தில் கத்தோலிக்கத் தரப்பில் நின்றவர் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். லூத்தர் வழியினரை மறுத்து வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய உரைநடை நூல்களை அவர் இயற்றினார். லைப்சிக்கில் லத்தீனில் நடந்த வாதம் இருநூறு ஆண்டுகளில் காவிரிக் கரையில் தமிழில் நடந்தது; தமிழ் உரைநடை அதனால் வளம் பெற்றது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

அதன் அடையாளத்தை இன்றும் காணலாம். ஒரே தெருவில் இரு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருப்பின், புராட்டஸ்தாந்தர் வீட்டில் உள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் மல்கியாவுக்குப் பின் நேரே மத்தேயு வரும். கத்தோலிக்கர் வீட்டில் 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும். அதில் அவ்விரண்டுக்கும் நடுவே ‘இணைத் திருமுறை’ என்னும் பகுதி உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூலும், தாயத்து அணிந்து மாண்ட அவ்வீரர்களும் அங்கே இருக்கிறார்கள்.